கடப்பாறையைக் கீழே வையுங்கள், முதலில் இதைப் படியுங்கள்!

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ தாத்தா கட்டிய பழைய வீடு ஒன்று உங்களுக்கு இருக்கிறதா? மண் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் திண்ணை, பின்னால் ஆஸ்பெட்டாஸ் சாய்ப்பு. வருகிற தையில் இடித்துச் சரிபண்ணிவிடலாம் என்று மேஸ்திரியிடம் பேசி அட்வான்சும் கொடுத்தாயிற்றா? ஒரு நிமிஷம்! இடித்துக் கட்டப்போகிற அந்த வீட்டுக்குள் ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரர், சுவிட்சர்லாந்து பாதிரிமார்கள், 250 கோடி வயசுப் பாறை, கலெக்டருக்குக் கடிதம் எழுதச் சொல்லும் 1878-ஆம் வருஷத்துச் சட்டம் எல்லாம் ஒளிந்திருப்பது தெரியுமா?

முதல் அதிசயத்துக்கு வீட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வர வேண்டும். தருமபுரி கோட்டையில் இருக்கும் மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலில் தரையைத் தொடாத தூண்கள் இருக்கின்றன, பார்த்திருக்கிறீர்களா? அடியில் துணியையோ காகிதத்தையோ இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. மண்டபமோ அசையாமல் நிற்கிறது! மேலே இருக்கும் உத்தரக் கற்கள் பாரத்தை மற்றத் தூண்களுக்குக் கடத்திவிடுகின்றன. இந்தத் தூண் தாங்குவது போல் பாவனை காட்டிக்கொண்டு சும்மா தொங்குகிறது.

உங்கள் வீட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர் வித்தை. ‘சும்மா நடுவில் ஒரு தடுப்பு, தட்டிவிட்டால் ஹால் பெரிசாகிவிடும்’ என்று நினைக்கிற சுவர்தான் பெரும்பாலும் வீட்டையே தாங்கிக்கொண்டிருக்கும். பழைய வீட்டில் கான்கிரீட் தூண் ஏது? சுவரேதான் தூண். கெட்டிக்கார மேஸ்திரி சுவரைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து பார்ப்பார். “ண்ணா, இது தட்டி மாதிரி தெரியுது. ஆனா உத்தரத்தோட தலையே இதுமேலதான் உக்காந்திருக்கு. முட்டு குடுக்காம கை வெக்கக் கூடாது” என்பார். அந்த ஒரு பேச்சுக்கே அவருக்குக் கூலி சேர்த்துக் கொடுக்கலாம்! இடிப்பது என்பது கட்டியதைத் தலைகீழாகச் செய்வது. முதலில் ஓடு, பிறகு ரீப்பர், கைமரம், உத்தரம், கடைசியில்தான் சுவர். கீழேயிருந்து ஆரம்பிக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு தனி.

சரி, ஓட்டை இறக்கியாயிற்று. சீமை ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். ‘பாசல் மிஷன், 1865’ என்று இருந்தால் குதிக்காதீர்கள்! ஓடு 1865-இல் சுட்டதல்ல. மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷனரிமார் மதம் பரப்ப வந்த இடத்தில், மதம் மாறியவர்களுக்குப் பிழைப்புக்கு வழி காட்ட ஓட்டுத் தொழிலைத் தொடங்கினார்கள். அந்த ஓட்டின் சூட்சுமம், ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்திக்கொள்வது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பிரான்சின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்டோனி சகோதரர்கள், 1841-இல்! அல்சேஸில் பிறந்து மங்களூரில் வளர்ந்து காரிமங்கலத்துக் கூரையில் வந்து உட்கார்ந்த ஓடு அது. முழுசாக இறங்கியதை அடுக்கி வையுங்கள். மொட்டை மாடியில் ஒரு சாய்ப்புக்கு, கார் நிறுத்துமிடத்துக்கு, ஏன், அடுத்த ஊர்க்காரர் வாங்கிப் போகவும் ஆகும்.

நாட்டு ஓடாக இருந்தால் கதை இன்னும் அழகு. அரைவட்டமாக வளைந்த அந்த ஓடு எப்படி வந்தது தெரியுமா? குயவர் சக்கரத்தில் ஒரு குழாயை வனைந்து, ஈரம் போவதற்குள் நெடுக்கில் இரண்டாகப் பிளந்துவிடுவார். ஒரு குழாய், இரண்டு ஓடு!

கூரையைத் தாங்கிய கைமரம் பனையா? அப்படியானால் விறகு வியாபாரியிடம் விலை பேசாதீர்கள்! மற்ற மரங்களுக்கு நடுவில்தான் வைரம். பனைக்கு வெளியில் வைரம், உள்ளே பஞ்சு. வேம்புக்கோ தேக்குக்கோ இருப்பது போல் வருஷ வளையம் பனைக்குக் கிடையாது, ஏனென்றால் அது புல்லுக்கும் நெல்லுக்கும் உறவுக்காரன். அறுத்த முனையைக் கிட்டத்தில் பாருங்கள். கறுத்த நரம்புகள் புள்ளி புள்ளியாய் விளிம்பு ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும், நடுவுக்குப் போகப் போக விலகும். அந்தக் கறுப்பில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். தமிழ்நாட்டின் மாநில மரமான பனையைக் கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்துவிட்டது. புதுசாக வெட்ட முடியாத மரம், உங்கள் வீட்டில் காய்ந்து பக்குவப்பட்டுத் தயாராகக் கிடக்கிறது. மேசையாகட்டும், மாடிப்படிக் கைப்பிடியாகட்டும்!

அடுத்தது மண் சுவர். ‘வெறும் மண்ணுதானே’ என்கிறீர்களா? ஏமன் நாட்டில் ஷிபாம் என்று ஓர் ஊர். ஏழெட்டு மாடி உயரக் கட்டடங்கள், அத்தனையும் பச்சை மண் கல்! 1982-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. உங்கள் வீட்டுச் சுவரை வெட்டிப் பார்த்தாலும் வைக்கோல் துணுக்கு, சிறு சரளை, எப்போதோ உடைந்த பானையின் ஓடு எல்லாம் கலந்து இறுகிக் கிடக்கும். சிமெண்டு கலக்காத அந்த மண்ணை ஒரு குழியில் கொட்டி நீர் விட்டு ஊறவைத்து மிதித்தால் மறுபடியும் சுவர் எழுப்பலாம். இடித்த கான்கிரீட்டை இப்படிச் செய்ய முடியுமா? ஒன்றரை அடி, இரண்டு அடித் தடிப்புள்ள சுவர் பகல் வெயிலை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு ராத்திரிதான் மெதுவாக விடும். சித்திரை வெயிலில் நாலரை அங்குலச் செங்கல் சுவருக்குள் உட்கார்ந்து பார்த்தால் பழைய சுவரின் அருமை புரியும். உறுதியாக இருக்கிற மண் சுவரை ‘பழசு’ என்கிற ஒரே காரணத்துக்காக இடிப்பது என்னைப் பொறுத்தவரை பண விரயம்.

ஆனால், வீட்டில் இருக்கிற எல்லாப் பழசும் நல்லதில்லை. பின்கட்டுச் சாய்ப்பில் இருக்கும் ஆஸ்பெட்டாஸ் ஷீட்டைச் சம்மட்டியால் உடைத்துத் தள்ளப் போகிறீர்களா? வேண்டவே வேண்டாம்! உடைத்தால் பறக்கிற கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்ட சரக்கு இது. நம் நாட்டில் இன்னும் விற்கிறது. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்க வேண்டும். கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய எனாமல் பெயின்ட்டும் அப்படித்தான். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்! அதற்கு முன் அடித்தவற்றில் எவ்வளவு ஈயமோ? உப்புத்தாளைக் காயக் காயத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த நாலு நாள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

இப்போது எல்லோரும் ரகசியமாக எதிர்பார்க்கிற கட்டம்! சுவருக்குள் ஒரு கலயம், கலயத்துக்குள் காசு... கிடைத்தால் யாருக்கு? 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்ததோ, மண்ணோடு பொருந்தி நிற்கும் எதற்குள்ளாவது ஒளிந்திருந்ததோ, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்தே ரூபாய்! இன்றைக்கு ஒரு டீகூட வராது. உரிமையாளர் எவரும் இல்லை என்று முடிவாகி, அரசும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், மூல வாசகப்படி கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, இடத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரே ஒரு பங்கு! அதாவது கடப்பாறை பிடித்த ஆளுக்கு முக்கால், உங்களுக்குக் கால். அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கலயத்தைப் பார்த்ததும் கூலியாளை டீ குடிக்க அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்த மண்ணில் காசைவிடப் பெரிய புதையல் ஒன்று உண்டு, நடுகல்! பழைய தகடூர் நாட்டில் ஆநிரை மீட்டு இறந்த வீரனுக்கும் புலியோடு பொருதவனுக்கும் நட்ட கற்கள் ஏராளம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஒரு முறை போய்ப் பாருங்கள். வாசற்படியாகவோ துவைக்கிற கல்லாகவோ கவிழ்ந்து கிடக்கும் பலகைக் கல்லைப் பொக்லைனால் புரட்டுவதற்கு முன்பு கையால் திருப்பித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வில் பிடித்த ஓர் ஆள் தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் கடகாலில் கிடக்கும் அந்தச் சாதாரணக் கல்லின் வயசு தெரியுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளில் பலவற்றுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு! அது உருவானபோது பூமியில் மரம் இல்லை, மீன் இல்லை, புழுகூட இல்லை, நுண்ணுயிர் மட்டும்தான். அந்தக் கல்லை இரும்புச் சம்மட்டி மட்டும் பிளக்கவில்லை, நெருப்பும் பிளந்தது! பாறையின் மேல் விறகை எரித்து, தீயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனால், சூடான மேல்பகுதி விரிந்து, அடியில் இருப்பதை விட்டுத் தட்டையாகக் கிளம்பி வரும். தட்டிப் பார்க்கும் ஓசையிலேயே எங்கே கிளம்பியிருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பெங்களூர்ப் பக்கம் இப்படிக் கல் எடுப்பதைப் பார்த்து வியந்து 1895-லேயே லண்டன் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் தோட்டத்து வேலிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கல் பலகை நட்டிருப்பதை வெளியூர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள். மரத்தைவிடக் கல் மலிவாகக் கிடைத்த ஊர் இது! அடுப்பு மேடைக்குக் கறுப்பு கிரானைட் வாங்கப்போகிறீர்கள் அல்லவா? புவியியல்காரர்கள் கணக்கில் அது கிரானைட்டே இல்லை. பாறைப் பிளவுகளில் கீழேயிருந்து எரிமலைக் குழம்பு ஏறி உறைந்த டோலரைட். கடைக்காரரிடம் இதைச் சொல்லி விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்காதீர்கள், முடியாது.

பூச்சு வேலைக்கு வருவோம். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்! பழைய சுவரில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது ஒரு மாயக்காரச் சரக்கு. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் காளவாயில் சுட்டால், 100 கிலோ கல் 56 கிலோவாகச் சுருங்கிவிடும். மீதி 44 கிலோ? கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது! நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும், பறந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மாதக்கணக்கில், தடித்த சுவரென்றால் வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அதனால்தான் நூறு வருஷச் சுவரில் ஆணி அடிக்கப் போனால் மாவாகக் கொட்டாமல் எதிர்த்து நிற்கிறது! கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் கலந்து அரைப்பது நம் வழக்கம். செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு. சீனத்தில்? ஒட்டரிசிக் கஞ்சி! மிங் அரசர் காலத்துப் பெருஞ்சுவரில் அரிசிக் கஞ்சி கலந்த சாந்து இருப்பதை அந்நாட்டு ஆய்வாளர்களே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு எதிரில் சிமெண்டு நேற்றுப் பிறந்த பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முறையான தொழிலாகச் சிமெண்டு தயாரிக்க முதலில் இறங்கிய ஊர் எது தெரியுமா? நம் சென்னை, 1904-இல்! பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் மண் சுவர் மீதும் சுண்ணாம்புச் சுவர் மீதும் அதைக் கெட்டியாக அப்பினால் வம்பு. பழைய சுவர் தரையிலிருந்து ஓதத்தை ஏற்றி, வெளிக்காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு தகடு தகடாகக் கிளம்பும். ‘மேஸ்திரி ஏமாத்திட்டான்’ என்பீர்கள். அவர் என்ன செய்வார், சிமெண்டு பூசச் சொன்னது நீங்கள்! சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மண் சுவருக்கு மண்ணோ சுண்ணாம்போ. கேட்டால் செய்யத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், கொஞ்சம் தேட வேண்டும்.

புதுத் தளம் போடுகிற அன்றைக்கு அந்தப் பிரெஞ்சுத் தோட்டக்காரர் வருகிறார்! ஜோசப் மோனியே என்பவர் பூந்தொட்டி அடிக்கடி உடைகிறதே என்று சிமெண்டுக்குள் கம்பி வலையை வைத்துப் பார்த்தார். 1867-இல் காப்புரிமையும் வாங்கினார். நீங்கள் போடுகிற ஆர்.சி.சி. தளத்துக்குப் பாட்டன் அந்தப் பூந்தொட்டிதான். வெயிலில் கம்பியும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரிகின்றன. இந்த ஒரு தற்செயல் மட்டும் இல்லையென்றால் ஒவ்வொரு கோடையிலும் தளம் விண்டுபோயிருக்கும். இன்னொன்று, கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை! தண்ணீரோடு சேர்ந்து வேதிவினை நடந்து இறுகுகிறது, தண்ணீருக்கு அடியில்கூட இறுகும். அதனால்தான் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். குறைந்தது ஏழு நாள், தருமபுரி வெயிலுக்குப் பத்து நாளாவது வேண்டும். மூன்றாம் நாளே ‘காஞ்சிருச்சு சார்’ என்று பைப்பைச் சுருட்டுகிறவரை மறுபடி மேலே ஏற்றி விடுங்கள்.

கொத்தனார் கையில் இருக்கும் ஆயுதங்களைக் கவனித்தீர்களா? தூக்குக்குண்டுக்குப் பேட்டரி கிடையாது, பழுதும் கிடையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு “ஏறுது... கொஞ்சம் எறக்கு... நில்லு!” என்று கத்துகிறார்களே, அந்த டியூப் லெவலுக்குள் இருப்பது வெறும் தண்ணீர்! நடுவில் சுவரே இருந்தாலும் இரண்டு முனையிலும் நீர்மட்டம் ஒன்றுதான். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்துக் குறுக்கே டேப்பை வைக்கிறார்கள். ஐந்தடி வந்தால் மூலை கச்சிதம். பள்ளிக்கூடத்தில் நாம் பயந்து ஓடிய பிதாகரஸ் தேற்றம், சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில் தினமும் வேலை பார்க்கிறது!

கடைசிக்கட்ட அலங்காரத்தில் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் பற்றியெல்லாம் விளம்பரங்களே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்கின்றன. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் போடுகிறோமே, அதன் கதைதான் எனக்குப் பிடித்தது. அந்த நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் கல்லைப் பொடித்துச் செய்தது. ஐரோப்பிய ஓவியர்கள் தங்கத்துக்கு நிகராக விலை கொடுத்து வாங்கினார்கள். செயற்கையாகச் செய்கிறவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். கீமே என்பவர் 1828-இல் அதைத் தட்டிச் சென்றார். அன்றிலிருந்து ராஜாக்களின் நீலம் மளிகைக் கடை நீலமாகிவிட்டது! வேட்டிக்கும் சுவருக்கும் ஒரே பொட்டலம்.

மொட்டை மாடி தயாரா? ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? 929 லிட்டர்! மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. பைப்பைச் சாக்கடைக்கு விடாமல் தொட்டிக்கு விடுங்கள். இந்த ஊரில் இது வெறும் சிக்கன விஷயமல்ல, பல் விஷயம், எலும்பு விஷயம்!

ஏன் தெரியுமா? கடகாலுக்கும் வேலிக்கும் கல் தந்த அந்தப் பாறைதான் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடையும் கரைத்துவிடுகிறது. பாறைக்குள் இருக்கும் சில கனிமங்களிலிருந்து அது மெதுவாகக் கசிகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை நல்லது, ஒன்றரையைத் தாண்டக் கூடாது. தாண்டிய ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைப்பு. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2013-இல் காவிரி இந்த வறண்ட ஊர்களுக்குக் குழாய் வழியாக ஏறி வந்தது. ஆகவே பிளம்பர் சுவரைக் கொத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், சமையலறைக்கு இரண்டு தனித்தனி லைன். ஒன்றில் ஒகேனக்கல் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். இன்னொன்றில் போர் தண்ணீர், பாத்திரம் கழுவ. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் காவிரியைக் கொண்டுவந்த புண்ணியம் அத்தனையும் போச்சு!

‘காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடாதா?’ என்று பாட்டி கேட்பார். கிருமிக்குச் சரி. ஃபுளோரைடு ஆவியாகப் போகாது, தண்ணீர்தான் போகும். காய்ச்சக் காய்ச்ச மிச்சத்தில் ஃபுளோரைடு அடர்ந்துகொண்டே வரும்! போர் தண்ணீர்தான் கதி என்றால் ஆர்.ஓ. அல்லது அலுமினா வடிகட்டி போடுங்கள். புதுமனை புகுவிழாவுக்குப் பால் காய்ச்சும்போது பாலில் தண்ணீர் கலக்கிற பழக்கம் உள்ளவர்கள், எந்தக் குழாயைத் திறக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.